பிள்ளை பால் மறக்கும் வரை

1

சர்க்கரைக்காக வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெறும் பையோடு திரும்பி வந்தால், வாசலில் சேவியர் சார் நின்றுகொண்டிருக்கிறார். பள்ளிக்கூட நேரத்தில் வாத்தியார் ஒருவர் அடுத்த வீட்டு வாசலில் நின்றால் அது நல்லதுக்கு இருக்காது.

நாங்கள் இருப்பது ஜாம்பியாவில், செம்புச் சுரங்கங்கள் உள்ள பக்கம். என் வீட்டுக்காரர் இங்கே அரசாங்கப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் ஒப்பந்தத்தில் வந்தோம். ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்து, இப்போது இதுவே ஊராகிவிட்டது. நம் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் குடும்பங்கள் சில இதே குவார்ட்டர்ஸில் இருக்கின்றன. சேவியர் சார் கடைசியாக வந்தவர், அரியலூர்க்காரர். அவர் மனைவி ஜெயராணிக்கு ஏலாக்குறிச்சி. போன மாதம்தான் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெற்ற அம்மா கடல் தாண்டி இருப்பதால், தினமும் காலையில் நான் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, அவளுக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

"அக்கா, ஜெயராணியோட அம்மா தவறிட்டாங்க," என்றார். சட்டைப் பையில் தந்தி தெரிந்தது. "நெஞ்சு வலியாம். அடக்கமும் ஆயிடுச்சு."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிக்கா சொல்றது? பச்ச ஒடம்பு. சேதியக் கேட்டா பால் கட்டிக்கும், காய்ச்ச வந்து ஜன்னி கண்டுடும். பால் குடிக்கிற புள்ளைக்கும் ஆகாது. அவுங்க அண்ணனும் அதத்தான் தந்தியில போட்டிருக்கான். புள்ள பால் மறக்கட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

நான் பையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் தெனம் வர்றீங்க. மத்தவங்கன்னா மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துருவாங்க. ஒங்க மொகத்துல ஒண்ணும் தெரியாதுக்கா."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்கிற நம் பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கு வடக்கே, எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். என் அப்பா வெட்டு மேஸ்திரி. இன்னார் வயலை வெட்டலாம் என்று ஆலையிலிருந்து உத்தரவு வந்ததும் ஆள் கூட்டிக்கொண்டு போவார். வெட்டு நடக்கிற மாதங்களில் அவர் வீட்டில் தூங்கி நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒருத்தி பிள்ளை பெற்றால் முதல் வேலையாக அவள் காதில் பஞ்சு வைப்பார்கள். குளிர்காற்று ஏறக் கூடாது என்று சொல்வார்கள். கூடவே கெட்ட சேதியும் ஏறக் கூடாது. சாவுக்கு மேளம் அடிக்கிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள்தான். பாடை போகும்போது பிள்ளை பெற்ற வீடு வந்தால், உள்ளங்கையை மேளத்தின் மேல் வைத்து அமர்த்திவிடுவார்கள். அழுகிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டைத் தாண்டினதும் மறுபடியும் மேளம் எழும்பும்.

அது எவ்வளவு அசட்டுத்தனமான காரியம் என்று அப்போது யாரும் யோசித்ததில்லை. தூரத்தில் இருந்து அடித்துக்கொண்டே வருகிற மேளம் நம் வீட்டு வாசலில் மட்டும் நின்றால் உள்ளே படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா? என் அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மேளம் நின்றதும் பஞ்சு வைத்த காதோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "யாருடி?" என்றாள். தெரியாது என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

முழுக்க மூடநம்பிக்கை என்றும் நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்ற உடம்பு சின்னத் தூறலுக்கும் படுத்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் போன பெண்கள் எங்கள் தெருவில் உண்டு. பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. துக்கம் பாலில் இறங்கும், தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் படுக்கப்போடும் என்று நம்பினார்கள். அதனால் அண்ணன் செத்தாலும் தம்பி செத்தாலும், பிள்ளை பால் மறக்கும் வரை பெற்றவளிடம் சொல்ல மாட்டார்கள்.

3

மறுநாள் காலையில் வழக்கம்போலப் போனேன். ஜெயராணி கட்டிலில் உட்கார்ந்து குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். காதில் பஞ்சு. அவள் ஊரிலிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லி அனுப்பிய பக்குவம் அது.

இந்த ஊரில் பத்தியம் ஆக்குவது பெரிய பாடு. பூண்டு கிடைத்தால் எண்ணெய் கிடைக்காது. எண்ணெய் வந்த அன்றைக்கு உப்பு இருக்காது. கருவாட்டுக்கு மட்டும் பஞ்சமில்லை. இங்கே ஏரியில் பிடிக்கிற பொடி மீனைக் காயவைத்து விற்கிறார்கள். நம் நெத்திலி மாதிரியேதான் இருக்கும், குழம்பு வைத்தால் வித்தியாசம் தெரியாது. முருங்கைக்கீரைக்குப் பதில் பரங்கிக் கொழுந்து. இதெல்லாம் என் பிரசவத்தின்போது நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது.

குழந்தையைக் கால்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போது ஜெயராணி கேட்டாள்.

"அக்கா, நம்ம கேசட்டு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமில்ல?"

இங்கிருந்து ஊருக்குப் போகிற யாராவது வாத்தியாரிடம் கேசட் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கடிதத்தைவிட அதுதான் எல்லோருக்கும் பிடிக்கும். ஜெயராணி தன் குழந்தை அழுகிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அவள் அம்மா ஏலாக்குறிச்சி மாதா கோவில் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்கு இட்லி ஊற்றிக்கொண்டே கேட்கட்டும் என்று டேப் ரிக்கார்டரும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"போயிருக்கும்," என்றேன்.

"அம்மா கேட்டிருப்பாங்களா?"

"கேட்டிருப்பாங்க."

"கேட்டா ஒடனே பதில் பேசி அனுப்புவாங்களே. எங்கம்மா வாய் சும்மா இருக்காதுக்கா."

குழந்தையைத் துடைத்து, உச்சியில் எண்ணெய் வைத்து அவள் மடியில் போட்டேன். அவள் சட்டையை விலக்கிப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். கண் மட்டும் வாசல் பக்கமே இருந்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கிளறிவிட்டு, வேலை முடியாமலேயே முடிந்ததாகச் சொல்லிக் கிளம்பினேன்.

4

என் மகன் இளங்கோ இங்கே வந்த முதல் வருடத்தில் பிறந்தான். அவன் பிறப்பைப் பதியப் போன ஆபீஸில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பேரின் முதல் எழுத்துதான் என்றார் இவர். ஒரு எழுத்தை எல்லாம் பெயராக எழுத முடியாது என்றார் குமாஸ்தா. அலைந்து பார்த்து அலுத்துப் போய், இவர் தன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதனால் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் என் மகனை அவன் தாத்தா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான். என் அப்பா பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். கேசட் அவருக்கு வரமாக வந்தது. ஒவ்வொரு கேசட்டிலும் அவர்தான் முதலில் பேசுவார். கனைத்துக்கொள்வார். "யம்மா தங்கம், சாப்ட்டியா?" என்பார். பதில் சொல்ல இடம் விடுகிற மாதிரி கொஞ்சம் பேசாமல் இருப்பார். பிறகு எந்த வயலில் வெட்டு, எந்த மாடு படுத்துவிட்டது, எவன் குடித்துவிட்டு வேலைக்கு வரவில்லை என்று வரிசையாகச் சொல்வார். இளங்கோ பிறந்த பிறகு வந்த கேசட்டில், "பேரன் எப்படி இருக்கான்? என்ன மாரி கருப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் அதைத் தேயத் தேயக் கேட்டேன்.

இளங்கோவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஊரிலிருந்து சேதி வருவது நின்றுபோனது. கேசட்டும் இல்லை, கடிதமும் இல்லை. அடித்துக்கொண்டே வந்த மேளம் வாசலில் நின்ற மாதிரி.

அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் திடீரென்று தங்கமான மனுஷன் ஆனார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்தார். குழந்தையின் துணிகளைத் துவைத்துப் போட்டார். ஒரு நாள்கூடக் குழம்பில் உப்பில்லை என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக் கழுவாதவர். அயல்நாட்டுக் காற்று பட்டுத் திருந்திவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத்தான் உடம்புக்கு ஒன்று மாற்றி ஒன்று வந்தது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். அது இறங்கினால் சளி. சளி விட்டால் வாயெல்லாம் புண். அப்புறம் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி. வீட்டில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தான், இவருக்கும் தும்மல்கூடக் கிடையாது. தெருவில் போகிற நோயெல்லாம் என் ஒருத்தியை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தது.

பின்வீட்டில் சிஸ்டர் மூலெங்கா இருந்தார். இந்த ஊர்க்காரர், பிரசவ வார்டு நர்ஸ். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் கடையில் சாமான் வாங்கவே பத்தாது. அவருக்கு அது தெரியும் என்பதால் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என்னை "மாயோ" என்றுதான் கூப்பிடுவார். பெம்பா மொழியில் அம்மா. என் மார்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பால்கட்டைக் கரைத்துவிட்டு ஒரு நாள் சொன்னார். பால் கொடுக்கிற நேரத்தில் தாயின் உடம்பு தளர்ந்து இளகும், மனசு அடங்கும், அது பிள்ளைக்கு மட்டுமல்ல உனக்கும் காவல். ஆனால் நீ பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு வாசலையே பார்க்கிறாய். உன் உடம்பு எப்போதும் எதற்கோ பயந்து விறைப்பாக நிற்கிறது. அப்படி நிற்கிற உடம்பு நோயோடு சண்டை போடாது.

எனக்கு வைத்தியம் தெரியாது. அவர் சொன்னது எவ்வளவு தூரம் புத்தகத்தில் இருக்கிறதோ, எவ்வளவு தூரம் அவருடைய அனுமானமோ, அதுவும் தெரியாது. இத்தனை பிரசவம் பார்த்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வீட்டில் ஏதாவது விஷயமா?" என்று கேட்டார்.

"வீட்டில் எல்லாரும் நலம்," என்றேன். என் வீட்டுக்காரர் அப்போது கதவோரம் நின்று குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

5

அப்புறம் ஒரு கேசட் வந்தது. சென்னையிலிருந்து திரும்பிய ஒரு வாத்தியார் கொண்டுவந்து கொடுத்தார். இளங்கோவை மடியில் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். அப்பாவின் கனைப்பு வரவில்லை. அம்மாதான் பேசினாள்.

"யம்மா தங்கம், நல்லா இருக்கியா? நாங்கல்லாம் சொகம். ஒங்கப்பா வெட்டுக்குப் போயிருக்காரு. வந்தா பேசச் சொல்றேன். நீ ஒடம்பப் பாத்துக்க. புள்ளைக்குப் பால் குடு. வேற ஒண்ணும் நெனைக்காத."

அவ்வளவுதான் பேச்சு. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் அவள் பேசி முடிக்கும் வரை, குரலுக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தூறல் இல்லை. எங்கள் ஊர் ஐப்பசி மழை. அந்த மழையில் கரும்பு வயலுக்குள் வண்டி இறங்காது, இறங்கினால் அச்சு வரை புதையும். யாரும் வெட்ட மாட்டார்கள், ஆலையும் ஓடாது. வருடத்தில் என் அப்பா வீட்டில் இருக்கிற மாதமே அதுதான். அரிவாளைத் தீட்டி எண்ணெய் போட்டுக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வறுத்த கடலை கேட்டுக்கொண்டே இருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், மழையை மறந்துவிட்டாள். கேட்டது வெட்டு மேஸ்திரியின் மகளாக இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்கும்.

நான் கேசட்டை நிறுத்தினேன். பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிப் போட்டேன். இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொல்றாங்க அத்தை?" என்றார்.

"எல்லாரும் சொகமாம். அப்பா வெட்டுக்குப் போயிருக்காராம்."

"அப்படியா," என்றார். தலை உள்ளே போய்விட்டது.

நான் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார், அவருக்குப் பொய் நிற்காது. கேட்கவில்லை. அழுகையும் வரவில்லை. அன்றைக்கு மரத்துப்போனதுதான், உள்ளே எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டுப் பார்த்தால் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. பிள்ளை பால் மறந்தால் சொல்லிவிடுவார்கள். மறக்கும் வரை சொல்ல மாட்டார்கள். சொல்லும் வரை அப்பா வெட்டுக்குத்தான் போயிருக்கிறார்.

அதனால் நான் பால் கொடுத்தேன். இளங்கோவுக்குப் பல் முளைத்தது. நடந்தான். கோழியைத் துரத்தினான். ஓடிவந்து நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி ஓடினான். கிளினிக்கில் எடை போடுகிற பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், இந்த ஊரில் நெடுநாள் பால் கொடுப்பது பெருமை. என் வீட்டுக்காரர்தான் தவித்துப்போனார். "போதுமே தங்கம், பெரிய பையனாயிட்டான்," என்பார். "உனக்கு ஒடம்பும் சரியில்ல." ஒரு பழைய பால் டின்னில் மண் போட்டுக் குளியலறைப் பக்கம் கற்றாழை வைத்தார். கசப்பைத் தடவினால் பிள்ளை பால் மறக்கும் என்று ஊரில் செய்வதுதான். செடிக்குத் தண்ணீர் ஊற்றி அறியாத மனுஷன், தினமும் காலையில் அதற்கு ஊற்றினார். அது டின் கொள்ளாமல் வளர்ந்தது. நான் ஒரு மடல்கூட ஒடிக்கவில்லை.

காய்ச்சலும் சளியும் என்னை விடவில்லை. ஊருக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு கேசட்டிலும், பையன் இன்னும் பால் குடிக்கிறான் என்று சொன்னேன். ஒவ்வொரு பதிலிலும் அப்பா வெட்டுக்குப் போயிருந்தார். மழையில்லாத நாளாகப் பார்த்து அம்மா பேசினாளோ என்னவோ, அப்புறம் மழைச் சத்தம் வரவில்லை.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் இப்போது படிப்பார். படிக்கட்டும்.

6

ஜெயராணிக்கு இந்த வாரம் காய்ச்சல் வந்தது. இடது மார்பு கல்லாக இருந்தது. சிஸ்டர் மூலெங்கா வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, நிறுத்தி நிறுத்திப் பேசுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மாவுக்கு எம்மேல கோவமாக்கா?"

"எதுக்குக் கோவம்?"

"பிரசவத்துக்கு வீட்டுக்கு வான்னாங்க. வரலன்னுட்டேன். அதான் பேச மாட்டேங்குறாங்க போல. புள்ள அழுவுற சத்தத்தக் கேட்டுமா ஒரு வார்த்த வராது?"

தன் அம்மா கோபத்தில் இருப்பதாக இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் இல்லை என்பதைவிட அது பெரிய துக்கமாக இவளைத் தின்றுகொண்டிருக்கிறது. காதில் வைத்த பஞ்சு பழுப்பாகியிருந்தது. நான் துணியைக் கீழே வைத்தேன்.

"ஜெயராணி, காதுல இருக்கிற பஞ்ச எடு."

"ஏங்க்கா?"

"எடு, சொல்றேன்."

எடுத்தாள். குழந்தையை வாங்கி, கட்டு இல்லாத பக்கம் அவள் மார்பில் போட்டு, அது பிடித்துக்கொண்டது என்று பார்த்த பிறகு சொன்னேன்.

"அம்மா கோவமா இல்லம்மா. அம்மா தவறிட்டாங்க. தந்தி வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. ஒனக்குப் பச்ச ஒடம்புன்னு யாரும் சொல்லல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று சேவியர் சார் சொன்னார் அல்லவா, ஆனால் அவளுக்கு என்னவோ தெரிந்தது. முதலில் "கேசட்டக் கேட்டாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அது நிஜம். அதன் பிறகு அழ ஆரம்பித்தாள். நம் ஊர் அழுகை. அம்மாவைப் பேர் சொல்லி, ஊரைச் சொல்லி, இட்லிப் பானையைச் சொல்லி, ராகம் போட்டு அழுதாள்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தம் கேட்டு முதலில் மூலெங்கா வந்தார். வாசலிலேயே புரிந்துகொண்டு, அங்கிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மேசை நாற்காலியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். பெயர்கூடத் தெரியாத ஏலாக்குறிச்சிக்காரிக்காக அழுதார்கள். ஜெயராணி நடுவில். மடியில் குழந்தை எதையும் கண்டுகொள்ளாமல் குடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் சாவை மறைத்தால் மறைத்தவரைத்தான் சந்தேகப்படுவார்கள் என்று மூலெங்கா பிற்பாடு சொன்னார்.

நான் சமையலறையில் எல்லோருக்கும் டீ போட்டேன். சர்க்கரை இல்லாத டீ.

பள்ளிக்கூடம் விட்டு வந்த இளங்கோ வாசலில் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் பெம்பாவில் கேட்டான், யாருக்குச் சாவு என்று. அவனுக்கு இப்போது தமிழ் உடம்புக்கு முடியாத அன்றைக்குத்தான் வரும். நான் தமிழில் பதில் சொன்னேன். "உள்ளே போய் உட்காரட்டுமா?" என்று அவன் பாஷையில் கேட்டான். இந்த ஊர் வழக்கம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. போ என்றேன். போய், பிற்பாடு வந்து சேர்ந்திருந்த ஆண்கள் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

7

சேவியர் சார் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஜெயராணிக்கு ஒரு நாள் பால் குறைந்தது, அதுவும் உண்மை. மறுநாள் பழையபடி வந்தது. கட்டு கரைந்து காய்ச்சலும் இறங்கிவிட்டது. மாத்திரையால் இறங்கியதா, அழுததால் இறங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. "ஒங்கள நம்பித்தானக்கா சொன்னேன். ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று அவர் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இளங்கோவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அப்போதும் பால் குடித்துக்கொண்டிருந்தான். பெரம்பலூரில் இறங்கி டவுன் பஸ் ஏறும் வரை என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூட்டைகளைச் சரி செய்வதுமாக இருந்தார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல வெட்டுக் காலம். யாரோ ஒரு மேஸ்திரி வரப்பில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் கயிறு இல்லை. தெருப் பெண்கள் அவளுக்குப் பின்னால் கூட்டமாக நின்றார்கள். வா என்றுகூட யாரும் சொல்லவில்லை. அம்மாவின் உதடு இறுகிப்போயிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"புள்ள பால் மறந்துட்டானா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னிடம் அழுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்து இத்தனை காலமும், மகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அழுகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேசட்டிலும் சுகம் சுகம் என்று சொல்லி, பிள்ளை பால் மறந்தானா, மறந்தானா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அங்கே அப்பாவைச் சாகவிடாமல் வைத்திருந்த நாளெல்லாம், அவள் இங்கே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். இப்போதும், வாசலில் தாலி இல்லாத கழுத்தோடு நின்றுகொண்டும், இல்லை என்று நான் சொன்னால் அப்பா வெட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

"மறந்துட்டாம்மா," என்றேன்.

அம்மா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "போயிட்டாரும்மா, ஒங்கப்பன் என்ன உட்டுட்டுப் போயிட்டாரும்மா," என்று கத்தினாள். அதற்காகவே நின்றிருந்த தெரு முழுவதும் அவளோடு சேர்ந்து அழுதது. பிள்ளை பயந்துபோய் நடுவில் நசுங்கிக்கொண்டு வீறிட்டான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

நான் அழ வேண்டும் என்று நின்றேன். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளையின் குரலுக்குப் பால்தான் வந்தது. என் சட்டை நனைந்து, கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் சேலையும் நனைந்தது.

அம்மா சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டாள். விலகி, என் மார்பைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, பின்னால் அழுதுகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, மேளத்தை அமர்த்துகிற மாதிரி அமர்த்தினாள்.

"உள்ள வாம்மா," என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வந்து மொதல்ல புள்ளைக்குப் பால் குடு."